விட்டுப்போன வரி

விதின், 3 அக்டோபர் 2016

ராட்கா அக்காவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்தில் நான் கத்துவேன், மூன்றாவது வாக்கியத்தில் நீ வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தை நடுவில் வைத்துவிட முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதானால் முழுவதும் படித்துவிட்டுக் கிழி.

ஞாயிற்றுக்கிழமை விராட்சாவில் இறங்கி உன் கடைக்கு வந்தது சண்டை போட அல்ல. அம்மா போய்ப் பத்து வருடம் ஆனதற்கு நீ ஒட்டியிருந்த நினைவு அறிவிப்பைக் கடைக் கதவில் பார்த்தேன். அம்மாவின் படம், கறுப்புக் கட்டம், தேதி எல்லாம் சரி. கடைசி வரியில் "துயரத்துடன், மகள் ராட்கா" என்று மட்டும் இருந்தது. அம்மா ஒரே ஒரு பிள்ளையையா பெற்றாள்? அதைத்தான் கேட்டேன். பாலாடைக்கட்டி வெட்டிக்கொண்டிருந்த மரியாவின் முன்னால் கேட்டது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ என்ன சொன்னாய்? "வியாபார நேரத்துல இதெல்லாம் பேசாத லூப்சோ, ஆளுங்க நிக்கிறாங்க." உனக்கு எப்போதும் ஆட்கள் நிற்கிறார்கள். எனக்கும் நிற்கிறார்கள், ஆனால் என்னுடைய வரிசையில் நிற்பவர்கள் தட்டோடு நிற்பவர்கள்.

இன்னொரு விஷயத்தை அன்றே சொல்ல வந்தேன், வாய் வேறு பக்கம் போய்விட்டது. ஆற்றங்கரைத் தெரு வீட்டைச் 'சூடான தட்டு' சங்கத்துக்கு எழுதி வைக்கப் போகிறேன். முழு வீட்டையும். நான் பாடம் நடத்திய பள்ளியை மூடிய நாளிலிருந்து கீழே கூடத்தில் ஐம்பது கிழவர்களுக்கு மதியச் சோறு போடுகிறோம். மேலே ஒரு அறையில் நான் தூங்குகிறேன். இனி வீட்டுக்காரன் என்று ஒருவன் வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

உன் கம்பெனிப் பத்திரத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர், உன்னுடையது. அது எதற்காக நடக்கிறது என்றால் உனக்காக நடக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, கடை என்றால் அப்படித்தான். எங்கள் பத்திரத்தில் உரிமையாளர் என்ற இடமே கிடையாது. அது யாருக்கும் சொந்தமில்லை, பசித்தவனுக்காக நடக்கிறது. இந்த வித்தியாசம் உனக்கு என்றைக்காவது புரிய வேண்டும் என்பதே என் ஆசை.

உன் தம்பி
லூபென்

*

விராட்சா, 12 அக்டோபர் 2016

லூப்சோ,

முழுவதும் படித்தேன், கிழிக்கவில்லை.

அறிவிப்பு விஷயம். அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன் உனக்கு மூன்று முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. நான்காவது முறை செய்யாததற்குக் காரணம் ஐந்தாம் ஆண்டு அறிவிப்பு. அதை நீ அச்சடித்தாய், ஞாபகம் இருக்கிறதா? துயரத்துடன் என்று போட்டு அதன் கீழே மகன் பெயரும் இல்லை, மகள் பெயரும் இல்லை. 'சூடான தட்டு சங்கம்', முகவரி, போன் நம்பர். விதின் முழுக்க மின்கம்பத்துக்கு மின்கம்பம் அம்மா விளம்பரப் பலகையாகத் தொங்கினாள். நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. நீ ஒரு வாரம் கழித்து, "பாத்தியா அக்கா, ஆறு பேர் புதுசா சேந்திருக்காங்க" என்றாய்.

இப்போது வீட்டு விஷயம். எனக்கு அப்பா கொடுத்த பணத்தில் நான் கடை போட்டேன். உனக்கு அம்மா வீட்டை எழுதினாள். உன் வீடு, உன் இஷ்டம். தானம் பண்ணு, ஆற்றில் விடு, எனக்குச் சொல்ல உரிமை இல்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள். அம்மா உனக்கு வீட்டை எழுதும்போது கூட அந்த ஒரு வரியை விடவில்லை. 'உயிரோடு இருக்கும்வரை இங்கே வாழும் உரிமையை எனக்கே வைத்துக்கொள்கிறேன்' என்ற வரி. பெற்ற பிள்ளைக்கு எழுதும்போதே விடாதவள். இந்த நாட்டில் அந்த வரி இல்லாமல் யார் வீட்டை எழுதுகிறார்கள், சொல்லு. பக்கத்து வீட்டுக் கிழவி தன் கோழிக்கூண்டை மருமகனுக்கு எழுதினாள், அதில் கூட அந்த வரி இருந்தது.

பத்திரக்காரர் அலுவலகத்தில் அதைச் சேர்க்கச் சொல். ஒரு நிமிட வேலை. யாருக்கும் சொந்தமில்லாத வீட்டில் உனக்கு எந்த அறை என்று யாரிடம் போய்க் கேட்பாய்?

மரியா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். "உங்க தம்பிக்குக் குரல் நல்லா இருக்கு, தேவாலயத்துல பாட வைக்கலாம்" என்கிறாள்.

ராட்கா

*

விதின், 20 நவம்பர் 2016

அக்கா,

கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அந்த வரி இல்லாமல்.

பத்திரக்காரியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு முறை கேட்டார். "வாழும் உரிமையை வச்சுக்கிறீங்களா, வாத்தியாரே? எல்லாரும் வச்சுக்குவாங்களே." நான், "கொடுக்கிறவன் ஒரு கையால கொடுத்து இன்னொரு கையால பிடிச்சுக்க மாட்டான்" என்றேன். அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. உன்னைப் போல அவரும் பயந்திருக்கலாம், ஆனால் மரியாதைதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

கேட்டால் நீ சிரிப்பாய். அதோடு நிற்கவில்லை. சங்கத்தின் விதிகளில் என் கையாலேயே ஒரு வரி சேர்த்தேன். சங்கத்தின் சொத்தை எந்தக் காலத்திலும் அதை நிறுவியவருக்கோ அவருடைய ரத்த உறவுகளுக்கோ கொடுக்கவோ விற்கவோ கூடாது. நாளைக்கு எவனும் வந்து 'லூபென் தன் குடும்பத்துக்குச் சுருட்டிக்கொண்டான்' என்று சொல்லக் கூடாது பார். நம் ஊர்வாய் உனக்குத் தெரியும். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். செயலாளர் எலித்சா மட்டும் கைதட்டாமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். மருந்துக் கடைக்காரரின் மனைவி. எதையும் எழுதி வைக்காமல் அவளால் மூச்சு விட முடியாது.

ஐந்தாம் ஆண்டு அறிவிப்பைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு ஒரு மாதம் உனக்குப் பதில் எழுத உட்காரவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

தேதி முடியப்போகும் டப்பாக்களை நீ குப்பையில் கொட்டுவதாக உன் வண்டிக்காரர் சொன்னார். கொட்டுவதை இங்கே அனுப்பலாமே.

லூபென்

*

விராட்சா, 9 மார்ச் 2017

லூப்சோ,

டப்பாக்கள், மிளகாய்ச் சாந்து, எட்டுப் பெட்டி பீன்ஸ், எல்லாம் வந்து சேர்ந்திருக்கும். இனி மாதம் ஒருமுறை வரும். ரசீது அனுப்பாதே, நன்றிக் கடிதம் அனுப்பாதே, சுவரில் என் பெயரை எழுதாதே.

வண்டிக்காரர் திரும்பி வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்க தம்பி நல்ல மனுஷன் அக்கா. ஆனா சோறு போடறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் பேசறாரு. பெரியவங்க கரண்டியக் கையில வச்சுக்கிட்டே உக்காந்திருக்காங்க. சூப்பு ஆறிப்போச்சு." நான் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. ஒன்பதாவது வகுப்பில் நீ பாடம் நடத்தியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன், அதே கதைதான்.

என் கடை எனக்காக நடக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதம் இன்னும் கல்லாவின் கீழே கிடக்கிறது. சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். இரண்டு கடை, பத்துப் பெண்கள், எல்லாம் என் ஒரு பெயரில். யாரிடமும் கேட்காமல் திறப்பேன், யாரிடமும் கேட்காமல் மூடுவேன். நோக்கம் என்ன என்று இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை. நாளைக்குக் காலையில் ஷட்டரைத் தூக்குவதுதான் என் நோக்கம். அதற்கு லாபம் வேண்டும்.

ஆனால் நீ உன்னுடையதை யாருக்கும் சொந்தமில்லை என்கிறாய். வண்டிக்காரர் பார்த்த வரையில் அதற்கு ஒரு முதலாளி இருக்கிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். ஜாக்கிரதை. என்னை எழுப்ப யாராலும் முடியாது, நாற்காலி என்னுடையது. உன்னை உட்கார வைத்தவர்கள் உன்னை எழுப்பவும் முடியும்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். மார்பில் கம்பளி கட்டிக்கொள். ஆற்றுப்பனி உனக்கு ஆகாது.

ராட்கா

*

விதின், 16 செப்டம்பர் 2018

அக்கா,

ஒன்றரை வருடமாக உனக்கு எழுதவில்லை. நீ மாதம் தவறாமல் பெட்டி அனுப்பினாய், நான் மாதம் தவறாமல் கோபமாக இருந்தேன். இப்போது எழுதுவது ஒரு காரியத்துக்காக. சுற்றி வளைக்கவில்லை.

கெராசிம் என்று ஒரு கிழவர். படகுத்துறையில் வேலை பார்த்தவர், மூன்று பல். போன குளிருக்கு அவருக்கு ஒரு நல்ல கோட்டு கொடுத்தோம். அதை விற்றுக் குடித்துவிட்டார். மறுநாள் அதே கிழிந்த சட்டையில் வந்து தட்டை நீட்டினார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "என் வீட்டு வாசல மிதிக்காத" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். பனி பெய்துகொண்டிருந்தது.

எலித்சா பின்னால் நின்றிருந்தாள். "தலைவரே, அவருக்குத் தட்டு குடுக்க மாட்டேன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இல்ல. அப்புறம், இது உங்க வீடும் இல்ல." மெதுவாகத்தான் சொன்னாள். அவளே தட்டை எடுத்துக்கொண்டு தெருவில் போனாள். அன்றைக்கு நோட்டில் என்ன எழுதினாளோ, அதற்கப்புறம் ஒவ்வொரு கூட்டத்திலும் அது வருகிறது. இப்போது அவளும் இன்னும் மூன்று பேரும், நடக்க முடிந்தவர்கள்தான் இங்கே வருகிறார்கள், கிராமங்களில் படுத்துக் கிடப்பவர்களுக்கு வண்டியில் சோறு கொண்டுபோக வேண்டும் என்கிறார்கள். வேன் வாங்க வேண்டுமாம். இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்கிறார்கள். எதற்கு என்று என்னைக் கேட்கிறார்கள்!

அடுத்த மாதம் பொதுக்கூட்டம். புதுத் தலைவர் தேர்தல். நான் கேட்பது இதுதான். நீ உறுப்பினராகச் சேர். உன் கடைப் பெண்கள் பத்துப் பேரையும் சேர்த்துவிடு. தாளை நான் அனுப்புகிறேன், நீ கையெழுத்து மட்டும் வாங்கு. ஒரு நாள் பேருந்தில் வந்து கை தூக்கிவிட்டுப் போகட்டும். அவ்வளவுதான். உன் வார்த்தையை அவர்கள் தட்ட மாட்டார்கள்.

இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை, பீன்ஸைத் தவிர.

லூபென்

*

விராட்சா, 24 செப்டம்பர் 2018

லூப்சோ,

மாட்டேன்.

மரியாவுக்கு நான் சம்பளம் கொடுப்பது பாலாடைக்கட்டி வெட்ட. முன்பின் தெரியாத ஊரில் போய்க் கை தூக்க அல்ல. நான் சொன்னால் அவள் வருவாள் என்பது தெரியும், அதனால்தான் சொல்ல மாட்டேன்.

நீ எழுதியதை நீயே திரும்பப் படி. 'என் வீட்டு வாசலை மிதிக்காதே.' அதுதான் நடந்தது. நீ எனக்குப் பாடம் எடுத்தாய், உரிமையாளர் என்ற இடமே இல்லாத பத்திரம் என்று. அது உன் கடை இல்லை. பசித்த குடிகாரனைத் துரத்த என்னால் முடியும், என் கடை, என் இஷ்டம். உன்னால் முடியாது. அந்த மருந்துக் கடைக்காரர் மனைவி சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

தனியாகப் போய் நின்று, கெராசிமிடம் செய்தது தப்பு என்று கூட்டத்தில் சொல். அதற்கு ஓட்டு விழும்.

ராட்கா

*

விதின், 2 டிசம்பர் 2018

அக்காவுக்கு,

எனக்குப் பதினான்கு கை, எலித்சாவுக்கு இருபத்து மூன்று. உன் பத்துப் பேரும் நீயும் வந்திருந்தால் இருபத்தைந்து. இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

நீ சொன்னபடி கெராசிம் விஷயத்தைச் சொல்ல எழுந்தேன். அக்கா, நான் வழக்கம்போல அரை மணி நேரம் பேசிவிட்டேன். தப்பு என்ற வார்த்தை மட்டும் வரவில்லை.

வீட்டை விற்கப் போகிறார்கள். ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் பெரிய சங்கிலிக் கடை ஒன்று நம் தெரு முனையில் வருகிறதாம், அவர்களுக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டும். அந்தப் பணத்தில் வேன், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் படிக்கட்டு இல்லாத ஒரு சமையல் கூடம், பதினான்கு கிராமத்துக்குச் சோறு. எலித்சா தாளில் போட்டுக் காட்டினாள். எந்த இடத்தில் குற்றம் சொல்வது என்று தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எனக்கு மேலறையை ஏப்ரல் வரைக்கும் விட்டிருக்கிறார்கள். "குளிர்ல வெளிய அனுப்ப மாட்டோம் வாத்தியாரே" என்றாள். வாத்தியாரே. தலைவரே இல்லை.

எனக்கு அறுபது ஆகப் போகிறது. பள்ளி ஓய்வூதியத்தில் இந்த ஊரில் ஒரு அறை கிடைக்கும், வீடு கிடைக்காது. நீ இந்த வீட்டை வாங்குவாயா? என்னால் கேட்க முடிந்தது இவ்வளவுதான். எனக்காக இல்லை என்று எழுத நினைத்தேன். எனக்காகத்தான்.

லூபென்

*

விராட்சா, 11 பிப்ரவரி 2019

லூப்சோ,

உன் கடிதம் வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். என் இரண்டாவது கடையை, அந்தச் சந்தைக் கடையை, விற்றுவிட்டு வீட்டை வாங்கிவிடலாம் என்று. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, எந்தக் கூட்டமும் வேண்டாம். கடை வைத்திருப்பதில் உள்ள ஒரே சுகம் அதுதான். உனக்குச் சொல்லவில்லை. முடித்துவிட்டுச் சாவியை அனுப்பலாம் என்று ஆசை. எனக்கும் ஆசைகள் உண்டு.

போன வாரம் விதினுக்கு வந்தேன். உன்னைப் பார்க்காமல் போனதற்கு மன்னித்துக்கொள். எலித்சாவைப் பார்த்தேன். காபி கொடுத்தாள், நல்ல பெண். சங்கிலிக் கடை தருவதைவிடக் கூடவே தருகிறேன் என்றேன்.  அவள் அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்து என் முன்னால் விரித்து வைத்தாள்.

"அக்கா, எனக்கு உங்களுக்குத்தான் குடுக்கணும்னு இருக்கு. ஆனா இத உங்க தம்பிதான் எழுதினாரு. நாங்க யாரும் கேக்கல."

உன் கையெழுத்து. கரும்பலகையில் எழுதுவது போல அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய். ரத்த உறவுகளுக்குக் கொடுக்கவோ விற்கவோ கூடாது. அப்போதே எனக்கு எழுதியிருந்தாய், வாங்கச் சொன்ன உனக்கும் மறந்துவிட்டது, வாங்க வந்த எனக்கும் மறந்துவிட்டது. வக்கீலைக் கேட்டேன். விதியை மாற்றப் பொதுக்கூட்டம், அறிவிப்பு, மூன்றில் இரண்டு பங்கு கை. சங்கிலிக் கடைக்காரன் இந்த மாதக் கடைசிக்கு மேல் காத்திருக்க மாட்டான். காத்திருந்தாலும், ஐம்பது கிழவர்களின் சோற்றை நிறுத்திவைத்து உனக்காகக் கை தூக்கச் சொல்ல எலித்சா தயாராக இல்லை. நானாக இருந்தாலும் தயாராக இருக்க மாட்டேன்.

வைக்க வேண்டிய வரியை விட்டாய். விட வேண்டிய வரியை வைத்தாய். லூப்சோ, லூப்சோ, உன்னை என்ன செய்வது.

பேருந்தில் திரும்பும்போது வழியெல்லாம் அழுதேன். அந்தப் பத்துப் பெண்களை அனுப்பியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் தெரியவில்லை. என் கடைக்கு மேல் ஒரு அறை இருக்கிறது. அடுப்பு இருக்கிறது, தெருவைப் பார்த்த ஜன்னல். வந்துவிடு.

ராட்கா

*

விதின், 1 செப்டம்பர் 2019

அக்கா,

வராததற்குக் காரணம் கேட்டு நீ எழுதிய இரண்டு சீட்டும் கிடைத்தன. காரணம் இல்லை. வெட்கம்தான். ஊர்க்கோடியில் ஒரு அறை எடுத்திருக்கிறேன். வீட்டுக்காரியம்மா ஆணி அடிக்கக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது, சத்தமாக இருமக் கூடாது என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

நம் வீட்டை ஜூலையில் இடித்தார்கள். இரண்டு நாள் வேலை. நான் போய்ப் பார்க்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போய்ப் பார்த்தேன். அம்மாவின் அறைச் சுவர்தான் கடைசியாக விழுந்தது, அந்த நீலச் சுண்ணாம்புச் சுவர்.

இன்னொன்று சொல்ல வேண்டும், உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. வாடகை போக மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. மூன்று நாள் ரொட்டியும் தேநீருமாக இருந்தேன். நாலாவது நாள் பேருந்து நிலையத்துப் பக்கம், சங்கத்தின் புதுச் சமையல் கூடத்துக்கு நடந்து போனேன். சும்மா பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டு போனேன். வரிசையில் நின்றுவிட்டேன்.

மேசையில் ஒரு புதுப் பெண். என்னைத் தெரியாது. "பேரு? வயசு? தனியா இருக்கீங்களா?" என்று கேட்டாள். அந்தத் தாளை அச்சடித்தது நான். 'தனியாக வசிப்பவரா' என்ற கேள்வியைச் சேர்த்ததும் நான்தான். ஆமாம் என்றேன். அறுபத்தோராவது பெயர் என்னுடையது.

கெராசிம் அங்கே இருந்தார். திரும்பிக்கொள்ளலாம் என்று பார்த்தேன், அதற்குள் பார்த்துவிட்டார். "வா வாத்தியாரே, வா. இங்க உக்காரு. பேச மாட்டேன்னா இடம் தர்றேன்." பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவருக்குக் கை நடுங்குகிறது, தட்டைத் தூக்கினால் பாதி மேசையில் கொட்டுகிறது. நான் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். "கோட்டு குடுக்க வந்தியா?" என்று கேட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன் அக்கா. ஒரே வார்த்தையில். அவர் ரொட்டியை நனைத்துக்கொண்டே, "சூப்பு ஆறுது, சாப்பிடு" என்றார்.

பீன்ஸ் சூப்பு. புதினா போட்டிருந்தார்கள். என் காலத்தை விட நன்றாக இருக்கிறது, சூடாகவும் இருக்கிறது. எலித்சா சமையல் கூடத்திலிருந்து பார்த்தாள். இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னாள். உள்ளே போய் அழுதாள் என்று பிறகு சொன்னார்கள், நம்புவதா தெரியவில்லை.

முதல் கடிதத்தில் உனக்கு ஒன்று எழுதினேன். யாருக்கும் சொந்தமில்லை, பசித்தவனுக்காக நடக்கிறது என்று. அது பொய்யில்லை.

லூபென்

*

விராட்சா, 10 செப்டம்பர் 2019

லூப்சோ,

என் பங்குக்கு நானும் ஒன்றைச் சொல்கிறேன்.

சந்தைக் கடையைப் போன வாரம் மூடிவிட்டேன். உன் வீட்டை வாங்க விற்க நினைத்தேனே, அதே கடை. அதே சங்கிலிக் கடைக்காரன் இங்கே எதிரிலேயே திறந்துவிட்டான். ஆறு மாதம் பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில் போய், வெள்ளிக்கிழமையோடு முடிந்தது என்று நாலு பெண்களிடம் சொன்னேன். அதில் மரியாவும் ஒருத்தி, போன வருடம்தான் அங்கே மாற்றியிருந்தேன். பத்தொன்பது வருடம் என்னோடு இருந்தவள்.

அவள் கத்தவில்லை. ஏப்ரனை மடித்து மேசையில் வைத்துவிட்டு, "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா" என்றாள்.

நான், "கேக்கணும்னு சட்டம் இல்லையே மரியா" என்றேன். லூப்சோ, இதை நான்தான் சொன்னேன். என் வாயால். அதற்கு மேல் அவள் என்னைப் பார்க்கவில்லை.

உன்னை எழுப்ப முப்பத்தேழு பேர் கை தூக்கவும் தூக்காமலும் இருக்க வேண்டியிருந்தது. மரியாவை எழுப்ப என் ஒரு கையெழுத்து போதும். சுகம் என்று உனக்கு எழுதினேனே, அது இதுதான்.

இத்தோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன்.

ஒன்று, அம்மாவின் பதின்மூன்றாம் ஆண்டு அறிவிப்பு. இருபத்தெட்டாம் தேதிக்கு. கடைசி வரியைப் பார். இங்கே நான் கடைக் கதவில் ஒட்டிவிட்டேன். விதினில் ஒட்ட வேண்டியது உன் வேலை.

இன்னொன்றைப் பத்திரக்காரர் முத்திரை போட்டுக் கொடுத்தார். கடைக்கு மேல் அறை. சொத்து என்னுடையதுதான், ஆனால் நீ உயிரோடு இருக்கும்வரை அங்கே வாழும் உரிமை உன்னுடையது. அந்த ஒரு வரி. நான் கடையை விற்றாலும், செத்தாலும், உன்னோடு சண்டை போட்டாலும், உன்னை அங்கிருந்து எழுப்ப யாராலும் முடியாது. என்னாலும் முடியாது. நீ உனக்கு எழுதிக்கொள்ளவில்லை, நான் எழுதிவிட்டேன்.

அக்கா

*

விதின், 17 நவம்பர் 2019

அக்கா,

அறிவிப்பை ஒட்டக் கதவு தேடினேன்.

முதலில் நம் வீடு இருந்த இடத்துக்குப் போனேன். கதவு இருந்த இடத்தில் வண்டிகளுக்காக ஏறி இறங்கும் தடுப்புக் கம்பி. பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம். பசை தடவும்போதே காவலாளி ஓடி வந்தான். "இங்க எதுவும் ஒட்டக் கூடாது பெரியவரே, முதலாளி அனுமதி வேணும்." முதலாளி எங்கே என்றேன். யோசித்துவிட்டு, "வெளிநாட்டுல எங்கேயோ, நானே பாத்ததில்ல" என்றான். பாவம், அவனுக்கும் தெரியவில்லை.

அப்புறம் சமையல் கூடம். எலித்சா படத்தைப் பார்த்ததும் அம்மாவைத் தெரியும் என்றாள். "எனக்கு ஒட்டணும்னுதான் இருக்கு வாத்தியாரே. ஆனா வாசல்ல சொந்த அறிவிப்பு ஒட்டறதுக்குக் குழுவக் கேக்கணும்." குழுவைக் கேட்டார்கள். நான்கு பேர் சரி என்றார்கள், ஒருவர் வேண்டாம் என்றார். அனுமதி கிடைத்தது. ஆனால் குழு கூடியது அக்டோபர் பத்தாம் தேதி. தேதி போன அறிவிப்பை யார் ஒட்டுவார்கள்? மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

உன் இரண்டாவது தாளைத் தினமும் படிக்கிறேன். இன்னும் வரவில்லை என்று கோபப்படாதே. கெராசிமுக்கு இரண்டு கையும் விழுந்துவிட்டது, மதியம் ஊட்டிவிட ஆள் வேண்டும். மற்றவர்கள் ஊட்டினால் துப்புகிறார். நான் ஊட்டினால் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார். அவர் இந்தக் குளிரைத் தாண்ட மாட்டார் என்கிறார் மருத்துவர். தாண்டாவிட்டால் வருகிறேன். தாண்டினால் என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் இப்படி எழுதுவது உனக்கு எப்படி இருக்கும் என்றும் தெரியவில்லை.

மரியாவைத் தெருவில் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல். அன்றைக்கு அவள் முன்னால் கத்தியதற்கு அவளிடமும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும். நீயும் போய்க் கேள் அக்கா. ஒரே வார்த்தை. சட்டம் இல்லைதான்.

அறிவிப்பை நேற்று ஒட்டிவிட்டேன். என் அறையில் ஒரு பழைய அலமாரி இருக்கிறது, அதன் கதவின் உள்பக்கம். காலையில் சட்டை எடுக்கத் திறந்தால் அம்மா தெரிகிறாள். கீழே, 'துயரத்துடன், மகள் ராட்கா, மகன் லூபென்.'

வீட்டுக்காரியிடம் கேட்கவில்லை.

லூப்சோ